காடாகிப்போன பழைய கொடியை வெட்டி மீட்பது எப்படி

பல வருடமாகக் கை வைக்காமல் விட்ட ஒரு கொடிக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். தூரத்திலிருந்து பச்சைப்பசேலென்று தெரிந்த அதே கொடி, உள்ளே காய்ந்த குச்சியும் சருகும் பழைய குருவிக்கூடுமாக வைக்கோற்போர் மாதிரி அடைந்து கிடக்கும். இலை இருப்பதெல்லாம் மேலே வெயில் படுகிற ஒரு முழக் கனத்துக்குத்தான். பூவும் அங்கேதான், அதுவும் நம் கண்ணில் படாமல் வானத்தைப் பார்த்துப் பூத்துக்கொண்டிருக்கும். கீழே நமக்குத் தெரிவது, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஏறும் நாலைந்து மொட்டைத் தண்டுகள் மட்டும்.

இந்த நிலைக்கு வந்த கொடியைப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் ஏணி போட்டு ஏறி, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கத்தரித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு நுனியை வெட்டினால் வெட்டின இடத்துக்குக் கீழேயே இரண்டு மூன்று நுனிகள் கிளம்பும், சில மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாக மூடிவிடும், உள்ளே இன்னும் இருட்டாகும், அடித்தண்டு இன்னும் மொட்டையாகும். வருடா வருடம் மேலேயே கத்தரித்ததால்தான் பல கொடிகள் இந்தக் கதிக்கு வந்திருக்கின்றன. மீட்க வேண்டுமென்றால் வெட்டு கீழே விழ வேண்டும். அதைவிட முக்கியம், வெட்டிய பிறகு வரும் ஆறேழு மாதம் நீங்கள் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். வெட்டுவது ஒரு நாள் வேலைதான், கொடி திரும்புவதும் திரும்பாததும் அப்புறம் வரும் மாதங்களில்தான் இருக்கிறது.

கீழே வெட்டினால் ஏன் துளிர்க்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். வளர்கிற நுனி ஆக்சின் என்ற ஹார்மோனைத் தண்டு வழியே கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வந்துகொண்டிருக்கும் வரை கீழே உள்ள மொட்டுகள் அடங்கியே கிடக்கும். பழைய தண்டில் மொட்டே இல்லை என்று நாம் நினைப்போம், ஆனால் பட்டைக்கு அடியில் அவை உறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. நுனிகளை மொத்தமாக எடுத்துவிட்டால் அந்தத் தடை நீங்கி அவை விழித்துக்கொள்ளும். அதோடு, பல வருடம் ஊன்றிய வேரும் தூரும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அத்தனை சேமிப்பும் சில மொட்டுகளுக்கே போவதால்தான் வெட்டிய கொடியில் வரும் துளிர் அவ்வளவு வேகமாக, அவ்வளவு தடியாக வருகிறது. வெட்டினால் ஆயுள் குறையும் என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இங்கிலாந்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட திராட்சைக் கொடி இன்றைக்கும் காய்க்கிறது, அதற்கு வருடம் தவறாமல் குளிர்காலத்தில் கவாத்து நடக்கிறது.

சரி, எல்லாக் கொடியையும் இப்படி வெட்டலாமா? கூடாது. காகிதப்பூ, ஜாதிமல்லி, முல்லை, ரங்கூன் மல்லி, அல்லமண்டா, ஹனிசக்கிள், ஐவி எல்லாம் ஆரோக்கியமாக இருந்தால் முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் திரும்பி வரும். விஸ்டீரியாவும் துளிர்க்கும், ஆனால் மறுபடி பூக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கலாம், அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் கை வையுங்கள். கொடி ரோஜாவை ஒரேயடியாக வெட்டாமல் மிகப் பழைய தண்டுகளை மட்டும் அடியோடு எடுப்பது நல்லது. கிளமாடிஸில் மொன்டானா போன்ற வகைகள் முற்றிய கட்டையிலிருந்து துளிர்ப்பதை நம்ப முடியாது. பேஷன் ஃப்ரூட் கொடி சில வருடமே நன்றாகக் காய்க்கும், வயதாகிவிட்டால் அதோடு மல்லுக்கட்டுவதைவிட புதுக் கன்று வைப்பதுதான் சரி.

ஒட்டுச்செடி என்றால் இன்னொரு எச்சரிக்கை. ரோஜா, திராட்சை, விஸ்டீரியா பல இடங்களில் ஒட்டுக்கட்டியே வருகின்றன. தரைக்குப் பக்கத்தில் தண்டில் ஒரு முண்டு அல்லது பட்டையின் நிறமும் சொரசொரப்பும் சட்டென்று மாறுகிற இடம் இருந்தால் அதுதான் ஒட்டு. அதற்குக் கீழே வெட்டிவிட்டால் வருவது உங்கள் கொடி இல்லை, வேருக்காக வைத்த வேறு செடி. எவ்வளவு கீழே வெட்டினாலும் ஒட்டுக்கு மேலே நல்ல தண்டு ஒரு சாணுக்கு மேல் மிஞ்சட்டும்.

வெட்டுவதற்கு முன்னால் கொடியில் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டைவிரல் நகத்தாலோ கத்தி முனையாலோ அடித்தண்டின் பட்டையை அரிசி அளவுக்குச் சுரண்டுங்கள். உள்ளே வாழைக்காய்த் தோல் மாதிரி பச்சையாக, தொட்டால் ஈரமாக இருந்தால் தண்டு உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து, நகத்தில் தூளாக வந்தால் அந்த இடம் செத்துவிட்டது, இன்னும் ஒரு சாண் கீழே போய்ச் சுரண்டுங்கள். முற்றிய தண்டில் பட்டை தடிமனாக இருக்கும், கொஞ்சம் ஆழமாகவே போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு தண்டிலும் இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள், ஒரு தண்டு மேலே இலையோடு இருக்க, பக்கத்துத் தண்டு கீழேயே செத்து வெறுமனே நின்றுகொண்டிருக்கும். தூரைச் சுற்றிக் கரையான் மண் இருக்கிறதா, தண்டை அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாத் தண்டும் அடியில் மெத்தென்று அழுகியிருந்தால் அந்தக் கொடியை வெட்டி மீட்க முடியாது. அதை ஒப்புக்கொண்டு, மேலே பச்சையாக இருக்கும் கிளைகளில் குச்சி எடுத்துப் புதுச் செடி உண்டாக்கும் வழியைப் பாருங்கள்.

குச்சி எடுப்பதை நல்ல கொடிக்கும் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய கொடி என்றால், அம்மாவோ பாட்டியோ வைத்த கொடி என்றால், அதன் பிள்ளை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் கத்தரியை எடுங்கள். பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்தில், நாலைந்து கணுவோடு குச்சிகள் போதும். கீழ்ப்பக்கம் கணுவுக்கு அடியில் சாய்வாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்டினால் நடும்போது தலைகீழாகிவிடாது. பாதி மண்ணுக்குள் இருக்க வேண்டும், நிழலில் வைக்க வேண்டும். கீழே வளைகிற கிளை இருந்தால் இரண்டு மூன்று மாதம் முன்பே பதியன் போட்டுவிடுவது இன்னும் நிச்சயம்: பட்டையைக் கொஞ்சம் சீவி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் தாயிடமிருந்தே உணவு வாங்கிக்கொண்டு வேர்விடும்.

எப்போது வெட்டுவது

கொடி ஓய்வில் இருந்து விழிக்கப்போகிற தருணம்தான் சரியான நேரம். உறைபனி விழுகிற இடமென்றால் கடுங்குளிர் ஓய்ந்து, மொட்டுகள் வீங்கத் தொடங்குவதற்கு முன். உறைபனியே இல்லாத இடமென்றால் பெரிய பூப்பு முடிந்து, புதுத் துளிருக்கான பருவம் வருவதற்குச் சற்று முன், ஈரம் அதிகமில்லாத நாட்களில். அடைமழைக்கு முன்னால் வெட்டினால் வெட்டுக்காயம் காயாமல் பூஞ்சை ஏறும். உச்சக் கோடையில் வெட்டினால் வருகிற துளிர் கருகும். உறைபனிக்கு முன்னால் வெட்டினால் பனியில் துளிர் செத்துப்போகும், அதற்காகச் செலவழித்த சேமிப்பும் வீண். போன வருடத்துத் தண்டில் பூக்கும் கொடிகளுக்கு இப்போது வெட்டினால் இந்த வருடப் பூ போகும். மீட்கிற வேலையில் ஒரு வருடப் பூ போவது நியாயமான விலைதான் என்பது என் கருத்து. திராட்சையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், வேர் விழித்த பிறகு வெட்டினால் வெட்டுவாயிலிருந்து நாள் கணக்கில் நீர் சொட்டும். பெரும்பாலும் அதனால் கொடி சாவதில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்காது.

ஒரே வெட்டா, மூன்று வருடமா? தாங்கக்கூடிய வகையாக இருந்து, சுரண்டின இடமெல்லாம் பச்சையாக இருந்தால் ஒரே வெட்டுதான் எனக்குப் பிடித்தது. வேலை சுத்தமாக முடியும், எல்லாத் துளிரும் ஒரே வயதில் வரும், கட்டிப் படரவிடுவதும் சுலபம். கொடி நலிந்து இருந்தாலோ, என்ன வகை என்றே தெரியாவிட்டாலோ மூன்று வருடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மொத்தத் தண்டுகளில் மிகப் பழையதான மூன்றில் ஒரு பங்கை முதல் வருடம் அடியில் எடுக்க வேண்டும், அது துளிர்த்ததைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் அடுத்த பங்கு. துளிர்க்கவில்லையென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம், கொடி கையைவிட்டுப் போகாது.

வெட்டுகிற நாள்

முதலில் கைக்கு எட்டும் வரை கொடியை விலக்கி உள்ளே பாருங்கள். முட்டையோ குஞ்சோ உள்ள கூடு இருந்தால் அவை பறக்கும் வரை வேலையைத் தள்ளிவையுங்கள். குளவிக்கூடு, பாம்பு எதுவும் இருக்கலாம், ஒரு கம்பால் தட்டிச் சத்தம் கொடுத்துவிட்டு சற்று நேரம் பொறுத்திருங்கள். எல்லாவற்றையும்விட மின்கம்பி. பழைய கொடிக்குள் விளக்குக்குப் போகிற ஒயர் தண்டு போலவே படிந்து கிடக்கும், அந்தப் பக்கத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கத்தரி வைக்க வேண்டும்.

விரல் தடிமன் வரை கைக்கத்தரி, அதற்கு மேல் நீளக்கைப்பிடிக் கத்தரி, மணிக்கட்டு தடிமன் என்றால் கவாத்து ரம்பம். ரம்பம் வேண்டிய தண்டைக் கத்தரியால் கடித்துக் கடித்து எடுத்தால் தண்டு நசுங்கும், நசுங்கின இடம்தான் முதலில் அழுகும். கத்தி கூராக இருக்கட்டும், தொடங்கும் முன்னும், நோய் பிடித்த தண்டை வெட்டிய பிறகும் 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். காகிதப்பூவின் முள் துணிக்கையுறையைத் துளைத்துவிடும், தோல் கையுறைதான் வேண்டும், கண்ணுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அல்லமண்டாவின் பாலும் ஐவியின் சாறும் பலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும், முழுக்கைச் சட்டை நல்லது.

இப்போது முதல் வெட்டு. உச்சியிலிருந்து பிரித்துக்கொண்டு வர முயற்சி செய்யாதீர்கள், அது முடிகிற காரியமில்லை. எல்லாத் தண்டையும் இடுப்பு உயரத்தில் அறுத்துவிட்டு, மேலே இருப்பதைத் தொடாமல் ஒரு வாரம் பத்து நாள் அப்படியே விட்டுவிடுங்கள். இலை வாடி உதிர்ந்தால் பாரம் பாதியாகும், எந்தத் தண்டு எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரியும், அதன் பிறகு துண்டு துண்டாக நறுக்கி இறக்கலாம். காய்ந்த குவியல் சீக்கிரம் தீப்பிடிக்கும், அதனால் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். சுவரில் பற்றுவேர் விட்டு ஒட்டியிருக்கும் ஐவி போன்றவற்றைப் பச்சையாக இருக்கும்போது இழுத்தால் சுண்ணாம்பும் பூச்சும் பெயர்ந்து கையோடு வரும், அவற்றைச் சில வாரம் காயவிட்டு மெதுவாக உரித்தெடுங்கள்.

மேல்பாரம் போன பிறகு கடைசி வெட்டு. முழங்கால் உயரத்தை ஒட்டி, 30 முதல் 60 செ.மீ. உயரத்தில், கணு தெரிந்தால் அதற்கு ஒரு விரற்கடைக்கும் குறைவாக மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி லேசான சாய்வில். கணு தெரியாத முற்றிய தண்டில் உயரம் பார்த்து வெட்டினால் போதும், துளிர் வந்த பிறகு அதற்கு மேலே மிஞ்சிய கட்டையைச் சீவிக்கொள்ளலாம். கனமான தண்டை ஒரே இழுப்பில் அறுத்தால் பாதியில் முறிந்து பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு விழும். முதலில் வெட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலே அடிப்பக்கமாகக் கால்வாசி அறுங்கள், அதற்குக் கொஞ்சம் மேலே எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்குங்கள், கடைசியாக மிஞ்சிய கட்டையைச் சரியான இடத்தில் எடுங்கள். செத்த தண்டுகள் ஒன்றுகூட நிற்க வேண்டாம்.

வெட்டுவாயில் பெயின்ட், தார், சாணம் எதுவும் பூசத் தேவையில்லை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து ஆராய்ந்து காட்டியது இதைத்தான்: காயத்தைச் சுற்றி மரமே உள்ளுக்குள் தடுப்பு எழுப்பிக்கொள்கிறது, மேலே பூசுவது அழுகலை நிறுத்துவதில்லை. ஆனால் இத்தனை வருடம் நிழலிலேயே இருந்த தண்டின் மேல் திடீரென்று வெயில் விழுந்தால் பட்டை வெந்து வெடிக்கும். கடும் வெயில் படுகிற இடமென்றால் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பெயின்டைப் பாதிக்குப் பாதி நீர்விட்டுப் பட்டையில் லேசாகத் தடவுங்கள், அல்லது சில வாரம் நிழல்வலை கட்டுங்கள்.

பந்தலையும் கம்பியையும் பழுது பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சுவரென்றால் கிடைமட்டமாக 30 முதல் 45 செ.மீ. இடைவெளியில் கம்பி இழுங்கள், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே நாலு விரல் நுழைகிற அளவு இடம்விடுங்கள். துளிர் வந்த பிறகு ஆணி அடிக்கப் போனால் பாதித் துளிரை நீங்களே முறித்துவிடுவீர்கள்.

வெட்டிய பிறகு

நான் முதன்முதலில் வெட்டிய ஜாதிமல்லி செத்துப்போனதற்கு வெட்டு காரணமில்லை, தண்ணீர்தான் காரணம். பாவம், இவ்வளவு வெட்டிவிட்டோமே என்று காலையும் மாலையும் ஊற்றினேன். மூன்று வாரம் கழித்தும் ஒன்றும் வரவில்லையே என்று தூரில் தோண்டிப் பார்த்தால், வேரின் பட்டை உறை மாதிரி விரலோடு உருவிக்கொண்டு வந்தது, உள்ளே வெள்ளை நார், புளித்த வாடை. இலைதான் தண்ணீரை உறிஞ்சி வெளியே விடுகிறது. இலையே இல்லாத கொடிக்குப் பழைய அளவில் பாதிகூட வேண்டாம். இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மண்ணைக் கிளறிப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் நன்றாக ஊற்றுங்கள். துளிர் இலையாக விரிய விரியத் தண்ணீரைக் கூட்டுங்கள்.

உரமும் அப்படித்தான். வெட்டின அன்றைக்கு மக்கிய தொழுவுரத்தைத் தூரைச் சுற்றி ஒரு கூடை போட்டு, மேலே சருகால் 5 முதல் 8 செ.மீ. மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு கை அகலம் தள்ளி. அதோடு போதும். துளிர் ஒரு சாண் வந்த பிறகு மற்ற உரத்தை யோசிக்கலாம். யூரியாவை அள்ளிப் போட்டால் தளதளவென்று வளரும், அசுவினியும் மாவுப்பூச்சியும் அந்த இளசுக்குத்தான் வரும், பூவும் தள்ளிப்போகும்.

அப்புறம் காத்திருப்பது. இதுதான் கஷ்டமான பகுதி. சில கொடிகள் இரண்டு மூன்று வாரத்திலேயே துளிர்க்கும், சில ஒன்றரை மாதம் எடுக்கும். ஒரு காகிதப்பூ எனக்கு ஏழு வாரம் சும்மாவே நின்றது, தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன், சாம்பல் நிறக் கட்டைகள் மட்டும் இருக்கும். ஒரு நாள் பட்டை வெடிப்பில் கடுகு அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி. மறுநாள் அதில் மடிப்புத் தெரிந்தது, நாலாம் நாள் அது இலை. அடுத்த வாரமே அந்தத் தண்டில் இருபது இடத்தில் வெடித்திருந்தது. அந்த ஏழு வாரமும் நான் செய்த ஒரே சோதனை சுரண்டிப் பார்ப்பது, பச்சை இருக்கும் வரை கொடி உயிரோடுதான் இருக்கிறது. மூன்று மாதமாகியும் ஒன்றும் வராமல் சுரண்டின இடமும் பழுப்பாகிவிட்டால்தான் விடைகொடுக்க வேண்டும்.

துளிர் வந்துவிட்டால் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள், இங்கேதான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். இருபது துளிரையும் வளரவிட்டால் இரண்டு வருடத்தில் அதே காடு திரும்பும். ஒரு முழ நீளம் வரட்டும், அப்புறம் நல்ல இடத்தில், நல்ல தடிமனில், வெவ்வேறு திசையில் போகிற ஐந்து முதல் ஏழு துளிர்களை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கையாலேயே அடியோடு கிள்ளுங்கள். ஒட்டுக்குக் கீழே இருந்தும் மண்ணுக்குள் வேரிலிருந்தும் வருகிற போத்துகளை மண்ணை விலக்கி, பிறந்த இடத்திலேயே பிய்த்தெடுங்கள், மேலாக வெட்டினால் மறுபடி வரும். இந்த இளந்துளிர்கள் பழைய கட்டையோடு ஒட்டியிருக்கும் இடம் முதல் சில மாதம் மிகவும் பலவீனமானது, காற்றுக்கே முறியும். அதனால் சீக்கிரமே துணிக்கீற்றாலோ சணலாலோ எட்டு போட்ட மாதிரி தளர்வாகக் கம்பியில் கட்டுங்கள்.

கட்டும்போது நேராக மேலே ஏற்றாதீர்கள். விசிறி மாதிரி சாய்த்து, பிறகு கிடைமட்டமாகக் கம்பியோடு ஓடவிடுங்கள். மேலே ஏறுகிற கொடியில் உச்சிமொட்டுதான் ராஜா, படுக்கவைத்த கொடியில் அந்த அதிகாரம் தளர்ந்து கணுவுக்குக் கணு பக்கத்துளிர் கிளம்பும், பூ வருவது அந்தப் பக்கத்துளிர்களில்தான். சுவர் முழுக்கக் கண் உயரத்தில் பூத்திருக்கிற கொடிகளைப் பார்த்தால், அவற்றின் முதன்மைத் தண்டுகள் கிட்டத்தட்டப் படுத்தேதான் இருக்கும். துளிர் இளசாக இருக்கும்போதே வளைக்க வேண்டும், முற்றினால் முறியும்.

இரண்டாம் வருடத்திலிருந்து வேலை குறைவு. பூத்து முடிந்ததும் பக்கக்கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டிக்கொண்டே வாருங்கள். வருடத்துக்கு ஒரு மிகப் பழைய தண்டை அடியில் எடுத்து, கீழேயிருந்து வருகிற ஒரு புதுத் துளிரை அதன் இடத்துக்கு வளர்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கட்டுகளிலும் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள், நுழையவில்லையென்றால் தண்டு பருத்துவிட்டது என்று அர்த்தம், அவிழ்த்துத் தளர்வாக மறுபடி கட்டிவிடுங்கள்.